பயந்த பூனைக்கு முதலில் ஓர் அறை

வாசகர் கேள்வி – பதில்

நாய் துரத்தியது, மழைவெள்ளத்தில் மாட்டியது, வீடு மாறியவர்கள் விட்டுப்போனது என்று எதிலோ மிரண்டுபோன பூனைகளைத் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பராமரித்து, பிறகு தத்துக் கொடுக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கால்நடை மருத்துவமும் பூனைப் பராமரிப்பும் தெரிந்தவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: கார் பானெட்டுக்குள் ஒளிந்திருந்த பெண் பூனையை மெக்கானிக் எடுத்துக் கொடுத்தார். இரண்டு வயது இருக்கும் என்கிறார் டாக்டர். தத்துப் போகும்வரை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டோம். நான்கு நாளாக பீரோவுக்குப் பின்னால்தான் கிடக்கிறது. எல்லோரும் படுத்த பிறகுதான் வந்து சாப்பிடுகிறது. எப்படி வெளியே கொண்டுவருவது?
– வாசகி, மடிப்பாக்கம், சென்னை

பதில்: வெளியே கொண்டுவர முயலவே வேண்டாம். இரவில் சாப்பிடுகிறது என்பதால் உடனடி ஆபத்து இல்லை. நீங்கள் மாற்ற வேண்டியது அது ஒளிந்திருக்கும் இடத்தை மட்டும்தான். பீரோவுக்குப் பின்னால் இருக்கும் பூனைக்குக் காயமா, மூச்சு வாங்குகிறதா என்று பார்க்க முடியாது. அவசரத்துக்குப் பிடிக்கவும் முடியாது. எனவே நல்ல ஒளிவிடங்களை நீங்களே வைத்துக்கொடுத்து, மோசமான ஒளிவிடங்களை அடைத்துவிடுங்கள்.

வீட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த சிறிய அறை ஒன்றை அதற்கு ஒதுக்குங்கள். எட்டுக்குப் பத்தடி அறை தாராளம். மிரண்ட பூனைக்கு முழு வீட்டையும் திறந்துவிடுவது சலுகை என்று நினைக்கிறோம். அதற்கோ, காவல் காக்க வேண்டிய இடம் பெரிதாகிவிட்டது என்றுதான் அர்த்தம். பீரோவின் பின்புறம், கட்டிலின் அடி, பரண் எல்லாவற்றையும் அட்டை, தலையணை வைத்து அடையுங்கள். அடைக்கும் முன் பூனை உள்ளே இல்லை என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஜன்னலில் கம்பி இருந்தாலும் வலை வேண்டும். தலை நுழையும் இடைவெளியில் பெரும்பாலும் உடம்பும் நுழைந்துவிடும்.

மளிகைக்கடை அட்டைப்பெட்டி இரண்டு போதும். ஒவ்வொன்றிலும் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வாசல் வெட்டுங்கள், சுமார் 18 சென்டிமீட்டர் அகலத்தில். ஒரே வாசல் இருந்தால் அங்கே நீங்கள் உட்கார்ந்ததும் அது மாட்டிக்கொண்டதாக நினைக்கும். ஒரு பெட்டி தரையில், இன்னொன்று மேசை உயரத்தில், இரண்டும் சுவரை ஒட்டி. மேசைப்பெட்டி சரிந்துவிடாதபடி கட்டிவையுங்கள். ஒருமுறை சரிந்தால் பிறகு அதில் ஏறாது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் பத்துக்கு ஒளியப் பெட்டி கொடுத்தார்கள், ஒன்பதுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்தவற்றின் பதற்றம் வெகு சீக்கிரம் இறங்கியது. காசு செலவில்லாத இந்த மருந்தைத்தான் பலர் முதல் நாளே தூக்கி எறிகிறார்கள், ‘ஒளிந்தால் எப்படிப் பழகும்’ என்று.

ஒரு மூலையில் சாப்பாடும் தண்ணீரும், எதிர் மூலையில் லிட்டர் பாக்ஸ், அதாவது பூனை மலஜலம் கழிக்க மணலோ ‘லிட்டர்’ எனும் துகள்களோ போட்ட தொட்டி. பூனைக் கேரியரையும் கதவைக் கழற்றி, பழைய துணி விரித்து அதே அறையில் போட்டுவிடுங்கள். அறையில் கிடக்கும் சாமானாக அது ஆகிவிட்டால், டாக்டரிடம் போகும் நாளும் தத்துப் போகும் நாளும் போராட்டம் இருக்காது.

அடுத்து நீங்கள். தினமும் ஒரே நேரங்களில், இரண்டு அல்லது மூன்று முறை, கால் மணி நேரம் உள்ளே போங்கள். ஒரே ஆள் போவது நல்லது. கதவைத் திறக்கும் முன் தாழ்ந்த குரலில் ஏதாவது சொல்லுங்கள், எப்போதும் அதே வார்த்தை. சாப்பாட்டோடு போங்கள். தரையில், பூனைக்குப் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்து, செய்தித்தாளை மெல்லிய குரலில் வாசியுங்கள். வெறித்துப் பார்க்காதீர்கள். தற்செயலாகக் கண் சந்தித்தால், கண்ணை மெதுவாக மூடித் திறந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-ல் இதைச் சோதித்தபோது, மெதுவாகக் கண் மூடித் திறந்தவர்களிடம் பூனைகளும் அதேபோல் கண் சிமிட்டின. முன்பின் தெரியாதவர் அப்படிச் செய்து கை நீட்டினாலும் அருகில் வருவது கூடியது.

நீங்கள் இருக்கும்போதே சாப்பிட ஆரம்பித்த பிறகு, கிண்ணத்தை நாளுக்கு ஒரு சாண் வீதம் உங்கள் பக்கம் நகர்த்தலாம். ஒருநாள் சாப்பிடாமல் நின்றுவிட்டால், முந்தைய நாள் இருந்த இடத்துக்கே கிண்ணத்தைக் கொண்டுபோங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அசையாமல் கிடக்கும் பூனை அமைதியாக இருக்கிறது என்று பலர் ஏமாறுகிறார்கள். வெளிச்சத்திலும் கண்மணி விரிந்திருந்தால், காதுகள் பக்கவாட்டில் படிந்திருந்தால், நாலு காலும் உடம்புக்கு அடியில் இறுகி வால் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உறைந்துபோன பயம். அந்த நேரத்தில் தடவினால் பேசாமல் இருக்கும். ஆனால் நாளைக்கு இன்னும் உள்ளே போய் ஒளியும். முன்காலை நீட்டிப் படுப்பது, உங்கள் எதிரில் உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது, ஒருக்களித்துத் தூங்குவது இவையெல்லாம் நல்ல அறிகுறிகள்.

ஒரு நோட்டுப் போடுங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு சாப்பிட்டது, லிட்டரில் எத்தனை கட்டி, எந்தச் சத்தத்துக்கு ஓடியது, எவ்வளவு நேரத்தில் திரும்பியது. தற்காலிகப் பராமரிப்பு என்பது தத்துக் கிடைக்கும்வரை சோறு போட்டு வைத்திருப்பது மட்டும் என்று நினைப்பதால்தான் தத்துப் போன பூனைகள் திரும்பி வருகின்றன. இந்தப் பூனை எதற்குப் பயப்படும், எதனால் தேறும் என்று கண்டுபிடித்து அடுத்த வீட்டுக்குச் சொல்லி அனுப்புவதுதான் உங்கள் வேலையில் பெரும்பகுதி.

கேள்வி: வெள்ளத்தில் மீட்ட பூனை. பால் வைத்தேன், தயிர்சாதம் வைத்தேன், இரண்டு நாளாகத் தொடவே இல்லை. பசித்தால் தானாகச் சாப்பிடும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?
– வாசகர், கடலூர்

பதில்: காத்திருக்காதீர்கள், இன்றே டாக்டரிடம் போங்கள். பூனை பட்டினி கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ச் சேரும். இரண்டு மூன்று நாள் பட்டினியே கல்லீரலைக் கெடுத்துவிடலாம். குண்டான பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். 24 மணி நேரம் ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால் டாக்டருக்குப் போன் போட வேண்டும் என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். குட்டிகளுக்கு அந்த அவகாசமும் இல்லை.

வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது, வயிற்றுப்போக்காகிவிடும். தயிர்சாதத்தில் வயிறு நிறையும், ஆனால் பூனைக்குக் கட்டாயம் வேண்டிய டாரின் என்ற சத்து கிடையாது. அது இல்லாமல் மாதக்கணக்கில் ஓடினால் கண்ணும் இதயமும் கெடும். நாலு கிலோ பூனைக்கு நாளுக்கு 200 முதல் 250 கலோரி தேவை. டிரை ஃபுட்டாக என்றால் 50 – 60 கிராம். பயத்தில் இருக்கும் பூனைக்கு முதல் வாரம் வாசனைதான் முக்கியம். வெட் ஃபுட் பவுச்சை வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு, கை பொறுக்கும் சூட்டில், தட்டையான தட்டில் ஒரு ஸ்பூன் அளவு வையுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியைப் பிய்த்து, வேகவைத்த தண்ணீரோடு கொடுக்கலாம். அது ஆசை காட்ட மட்டும். சுண்ணாம்புச்சத்து இல்லாததால் தினச் சாப்பாடாக ஆக்கக் கூடாது. வாயில் திணிக்காதீர்கள். அந்த உணவையே பிறகு வெறுத்துவிடும்.

கேள்வி: லிட்டர் பாக்ஸ் வைத்தும் மெத்தையில் சிறுநீர் கழிக்கிறது. அறையை தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிறோம்.
– வாசகி, உறையூர், திருச்சி

பதில்: பினாயிலை இன்றோடு நிறுத்துங்கள். ஃபீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. தரையில் நடந்து, காலை நக்கி, உள்ளே போகிறது. தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினி எதையும் பூனை இருக்கும் அறையில் பயன்படுத்த வேண்டாம். லிட்டர் பாக்ஸைக் கழுவ வாசனையில்லாத சோப்பும் வெந்நீரும் போதும்.

மெத்தையில் போனதை வெறும் தண்ணீரில் கழுவினால் நம் மூக்குக்குப் போய்விடும், பூனை மூக்குக்குப் போகாது. என்ஸைம் கலந்த சலவைத்தூள் ஒரு பங்கு, வெதுவெதுப்பான தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து ஊறவைத்துத் துடைத்து, தண்ணீரால் அலசி, காய்ந்த பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட் தெளித்துத் துடைத்துவிடுங்கள். ஸ்பிரிட் முழுதும் ஆவியாகும்வரை பூனையை விடாதீர்கள்.

இப்போது பாக்ஸுக்கு வருவோம். கடையில் விற்பவை பெரும்பாலும் சிறியவை. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை உள்ள நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு வேண்டும்; துணி துவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பே நன்றாக உதவும், ஒரு பக்கம் மட்டும் வெட்டித் தாழ்த்திக்கொள்ளுங்கள். மூடி வேண்டாம். வாசனை லிட்டர் வேண்டாம். தெருவிலிருந்து வந்த பூனைக்கு மணல்தான் தெரியும். சலித்துக் காயவைத்த ஆற்றுமணலில் ஆரம்பித்து, வாரம் கால்பங்கு வீதம், ஈரம் பட்டால் கட்டியாகும் லிட்டரைக் கலந்து மாற்றுங்கள். ஆழம் இரண்டு, மூன்று அங்குலம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளுக்குக் கட்டியாகும் லிட்டர் கூடாது, தின்றுவிடும். தினமும் இருமுறை அள்ளுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் வேறொருவர் கையுறை போட்டு அள்ளட்டும். கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி மலத்தில் வெளிவந்து தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால் தினமும் அள்ளுவதே பெரிய பாதுகாப்பு.

இத்தனைக்கும் பிறகு மெத்தையில்தான் போகிறது என்றால் சிறுநீர்ப்பை வீக்கமாக இருக்கலாம். பயத்தினாலேயே அது வரும். ஆண் பூனை மீண்டும் மீண்டும் உட்கார்ந்து முக்கி, சொட்டுக்கூட வரவில்லை என்றால் அது அடைப்பு. காலை வரை காத்திருக்கக் கூடாது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

கேள்வி: பூனைக்கு உடம்பு சுடுகிறது. குழந்தைக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப்பில் சில சொட்டு கொடுக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கூடவே கூடாது. பூனைக்குப் பாராசிட்டமால் விஷம். வளர்ந்த பூனையைக் கொல்ல ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை போதும், அதற்குக் குறைந்த அளவிலும் உயிர் போயிருக்கிறது. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் மருந்துப் பாட்டிலோடு ஓடுங்கள், மாற்று மருந்து உண்டு. நாய்க்கு உண்ணி போக கழுத்தில் விடும் பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்தும் அப்படித்தான், பூனைக்கு விடக் கூடாது. பக்கத்தில் டாக்டர் இல்லாதவர்களுக்கு: சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் சிகிச்சை வளாகம் இருக்கிறது.

கேள்வி: மூன்று மாதம் ஆகிறது. பக்கத்தில் வருகிறது, காலில் உரசுகிறது. குனிந்து தலையைத் தடவினால் கடித்துவிடுகிறது. நேற்று ரத்தம் வந்துவிட்டது.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் உங்கள் கை. கடிவாயைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் இப்போதாவது கழுவிவிட்டு, இன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் வந்த கடி என்பதால் வெறிநோய்த் தடுப்பூசியோடு கடிவாயில் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்புரத ஊசியும் தேவைப்படும். தோலில் போடும் முறையில் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். பூனைக்கு ஊசி போட்டாயிற்றே என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், அட்டையை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். பூனைப்பல் ஊசிபோல் ஆழமாக இறங்குவதால் மேலே சின்னதாகத் தெரியும் காயம் உள்ளே சீழ்பிடிக்கும். வீக்கமோ சிவப்போ பரவினால் அன்றே காட்டுங்கள்.

இனி பூனை. காலில் உரசுவது ‘தூக்கு’ என்ற அழைப்பு ஆகாது. அது தன் வாசனையை உங்கள்மேல் பூசிக்கொள்கிறது. மேலிருந்து இறங்கும் கை, அடிபட்ட பூனைக்கு அடிக்கிற கைதான். உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒரு விரலை மடக்கி, பூனையின் மூக்கு உயரத்தில், ஒரு சாண் தள்ளி நீட்டி நிறுத்துங்கள். வந்து முகர்ந்து, கன்னத்தைத் தேய்த்தால் மட்டும் கன்னத்திலோ தாடைக்கு அடியிலோ மூன்று விநாடி தடவி, கையை எடுத்துவிடுங்கள். மறுபடி தேய்த்தால் இன்னும் மூன்று விநாடி. தேய்க்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். நிறுத்துவது அதன் கையில் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கடிக்கத் தேவையில்லாமல் போகும். கடிக்கு முன் அது சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும்: வால் நுனி துடிக்கும், முதுகுத்தோல் சிலிர்க்கும், காது பின்னால் திரும்பும், கையைத் திரும்பிப் பார்க்கும். வயிறு, வாலடி, கால் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

முதலில் கைக்குப் பதில் நீளமான ஸ்பூன் நுனியில் பவுச் உணவைத் தடவி நக்கக் கொடுத்து, வாராவாரம் பிடியைக் குட்டையாக்கிக்கொண்டே வரலாம். குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால் மட்டும் கடிக்கிறது என்றால் அங்கே வலி இருக்கலாம். பல், இடுப்பு, பழைய எலும்பு முறிவு இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். சீறுகிறதே என்று அதட்டாதீர்கள். சீறலை அடக்கிவிட்டால் அடுத்தமுறை முன்னறிவிப்பு இல்லாமல் கடி விழும்.

விளையாட்டுக்கு ஒன்று: குச்சியில் கட்டிய இறகை ஆட்டி முடித்ததும் அலமாரியில் பூட்டிவையுங்கள். பூக்காரர் தொடுத்த சரத்தின் நாரும் நூலும் அப்படித்தான். மல்லிகையால் ஒன்றும் ஆகாது. அதன் நூலை விழுங்கினால் குடலைச் சுருட்டி அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் இழுக்காமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருக்கிறது. புதிதாக வந்ததோடு எப்போது சேர்த்துவிடலாம்?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: முதல் 14 நாள் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. பூனைகளுக்கு வரும் பார்வோ வகை வாந்திபேதி நோய்க்கிருமி ஓராண்டு வரைகூட தரையில் உயிரோடு கிடக்கும்; உங்கள் செருப்பிலும் பாவாடை நுனியிலும் போகும். தனிக் கிண்ணம், தனி துடைப்பம். புதுப்பூனையைக் கடைசியாகக் கவனியுங்கள், முடித்ததும் கைகால் கழுவுங்கள். அந்தக் கிருமியைக் கொல்லச் சாதாரண ப்ளீச் வேலை செய்யும்: 5 சதவீத ஹைப்போகுளோரைட் 30 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீர், 10 நிமிடம் ஊறவிட்டு நன்றாக அலசி, காய்ந்த பிறகு பூனையை விடுங்கள். இந்த இரண்டு வாரத்தில் குடற்புழு மருந்து, உண்ணி, படர்தாமரை, எஃப்ஐவி (பூனையின் நோயெதிர்ப்பைக் குறைக்கும் வைரஸ்), எஃப்ஈஎல்வி (பூனை ரத்தப்புற்று வைரஸ்) பரிசோதனைகள் முடியட்டும். சமீபத்தில் கடிபட்ட பூனையாக இருந்தால் 60 நாள் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

பிறகு வாசனை. ஒன்றின் கன்னத்தில் துடைத்த துணியை மற்றதன் கிண்ணத்துக்கு அருகில் போடுங்கள். சாப்பிட்டால் சரி. அடுத்து மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு. முதலில் கதவிலிருந்து ஆறடி தள்ளி, நாளுக்கு நாள் நெருங்கி. அடுத்து இடம் மாற்றம்: பழைய பூனை அறைக்குள், புதியது வீட்டுக்குள், தினம் ஒரு மணி நேரம். நம் வீடுகளில் இருக்கும் கொசுவலைக் கதவு இதற்குப் பெரிய உதவி. வலைக்கு இருபுறமும் அமைதியாகச் சாப்பிட்டு முடித்துத் திரும்பி நடந்தால், ஒரே அறையில் ஐந்து நிமிடம் விடலாம். சீறுவதற்குக் கவலைப்படாதீர்கள். அசையாமல் வெறித்துப் பார்ப்பதுதான் சண்டைக்கு முந்தியது. உடனே நடுவில் ஓர் அட்டையை நுழைத்துப் பார்வையை மறையுங்கள். கை வைக்காதீர்கள். சண்டை நடந்துவிட்டால் இரண்டு படி பின்னால் போய் ஆரம்பியுங்கள்.

தற்காலிகப் பூனைதான், அடுத்த மாதம் போய்விடும் என்றால் இவ்வளவும் தேவையே இல்லை. தனி அறையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: தீபாவளிக்கு என்ன செய்வது? தூக்க மாத்திரை கொடுக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6 – 7, இரவு 7 – 8 என்றாலும் தெருவில் ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிடும். அதற்கு முன்னாலேயே ஜன்னல் வலையைச் சரிபாருங்கள். அன்று மாலை சீக்கிரம் சாப்பாடு கொடுத்து, திரை போட்டு, மின்விசிறியை வேகமாக ஓடவிட்டு, பெட்டிமேல் கனமான போர்வையைப் போடுங்கள். வாசல் கதவில் ‘உள்ளே பூனை, மணி அடிக்கவும்’ என்று எழுதி ஒட்டுங்கள். பலகாரத் தட்டோடு வருபவர் கதவைத் தள்ளும் அந்த ஒரு கணத்தில்தான் பூனைகள் ஓடிப்போகின்றன. மருந்து தேவை என்றால் பத்து நாள் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். அசெப்ரோமசின் போன்றவை உடம்பை மட்டும் கட்டிப்போடும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். கபாபென்டின் பதற்றத்தைக் குறைக்கும். அளவை எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும், அமைதியான ஒரு நாளில் ஒத்திகை பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: இப்போது நன்றாகத் தேறிவிட்டது. தத்துக் கேட்டு ஐந்து பேர் வந்திருக்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?
– வாசகர், பீளமேடு, கோவை

பதில்: கருத்தடை, தடுப்பூசிகள் முடியாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். ‘நாங்களே செய்துகொள்கிறோம்’ என்பது பெரும்பாலும் நடப்பதில்லை.

வருபவரிடம் ‘பூனை பிடிக்குமா’ என்று கேட்டுப் பயனில்லை, எல்லோருக்கும் பிடிக்கும். இவற்றைக் கேளுங்கள்: வாடகை வீடா, வீட்டுக்காரர் சம்மதம் எழுத்தில் உண்டா? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்? வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, ஆஸ்துமா உண்டா? சின்னக் குழந்தைகள் இருக்கிறார்களா? இரண்டு மாதம் மடியில் வராவிட்டால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைத்தான் நாங்கள் அதிகம் மதிப்போம். ‘வராவிட்டால் பரவாயில்லை, அதன் பாட்டுக்கு இருக்கட்டும்’ என்பவர், நிறைய பொம்மை வாங்கி வைத்திருப்பவரைவிட மேல்.

பிறகு வீட்டைப் பாருங்கள். பால்கனியில் புறா வலை கட்டியிருக்கிறோம் என்பார்கள். நைலான் புறா வலையைப் பூனை கடித்தே அறுக்கும். ஒரு அங்குலக் கண் உள்ள இரும்பு வெல்டுமெஷ், சட்டத்தோடு திருகி முடுக்கியிருக்க வேண்டும். அறையைத் தயார் செய்த பிறகுதான் பூனை.

நோட்டை இப்போது எடுங்கள். அதிலிருந்து ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொடுங்கள். இப்படி: ‘அழைப்பு மணிக்குக் கட்டிலடிக்கு ஓடும், 20 நிமிடத்தில் தானாக வரும், குனிந்து பார்க்க வேண்டாம். துடைப்பத்தைக் கண்டால் நடுங்கும், பெருக்கும்போது வேறு அறையில் விடவும். காலை 7, மதியம் 1, இரவு 9 சாப்பாடு. நின்றுகொண்டு தடவினால் கடிக்கும், உட்கார்ந்தால் தானே வந்து முட்டும். இடது பின்காலைத் தொடாதீர்கள். ஆண்கள் சத்தமாகப் பேசினால் பயம், மெதுவாகப் பேசினால் இல்லை.’ கடித்த விவரத்தை மறைத்துக் கொடுத்தால் பூனை பத்து நாளில் திரும்பி வரும், அல்லது வராமலே போகும். வெளிப்படையாகச் சொன்னால் ஐவரில் மூவர் விலகலாம். விலகட்டும்.

தத்தெடுப்பவர் இரண்டு மூன்று தடவை உங்கள் வீட்டுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, தொடாமல் சாப்பாடு வைத்துவிட்டுப் போகட்டும். அவர் உடுத்திக் கழற்றிய பனியனை ஒரு வாரம் பூனையின் பெட்டியில் போட்டுவையுங்கள். கொடுக்கும் நாள் சாதாரண நாளாக, காலை வேளையாக இருக்கட்டும். விருந்தாளி வரும் வீட்டுக்கும் பண்டிகை முன்தினத்திலும் வேண்டாம். கேரியரைத் துண்டால் மூடி, கூடவே துவைக்காத விரிப்பு, பயன்படுத்திய லிட்டர் ஒரு கைப்பிடி, இரண்டு வாரத்துக்கு அதே சாப்பாடு அனுப்புங்கள். உணவை மாற்ற விரும்பினால் அதற்குப் பிறகு ஏழு முதல் பத்து நாளில், கால்பங்கு வீதம். மூன்றாம் நாள், இரண்டாம் வாரம், மூன்றாம் மாதம் விசாரியுங்கள். ஒத்துவராவிட்டால் எப்போதானாலும் உங்களிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கேள்வி: தத்துக் கொடுத்த மறுநாளே அங்கிருந்து ஓடிவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் வரவில்லை. எங்கே தேடுவது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தூரத்தில் தேடாதீர்கள். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், கண்டுபிடிக்கப்பட்ட பூனைகளில் முக்கால்வாசி தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் கிடைத்திருந்தன. பயந்த பூனை இன்னும் பக்கத்தில், பல சமயம் அடுத்த வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கும்; கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. மோட்டார் அறை, தண்ணீர்த்தொட்டி மூடி, விறகு அடுக்கு, நிறுத்திய வண்டிகளின் அடி இவற்றை அக்கம்பக்கத்தாரைக் கேட்டு நீங்களே பாருங்கள். ‘இங்கே இல்லைங்க’ என்ற பதிலை நம்பி விட்டுவிடாதீர்கள். தெரு அடங்கிய பிறகு, இரவு 11-லிருந்து, டார்ச்சைக் கண் உயரத்தில் பிடித்துத் தரையோரம் அடித்தால் கண்கள் மின்னும். கண்டதும் துரத்தாதீர்கள். உட்கார்ந்து, உங்கள் அறை வாசலில் சொல்லும் அதே வார்த்தையைச் சொல்லுங்கள். வராவிட்டால் கூண்டுப்பொறியை அங்கே வைத்து, மத்தி மீனைப் போட்டு, துணியால் மூடி, அரைமணிக்கு ஒருமுறை தள்ளி நின்று பாருங்கள்.

கேள்வி: வளர்ந்த தெருப்பூனை. ஆறு மாதமாகியும் மனிதரைக் கண்டால் சுவரில் ஏறி விழுகிறது. யாரும் எடுக்க மாட்டார்கள். பேசாமல் மீன் மார்க்கெட்டில் விட்டுவிடலாமா?
– வாசகர், காசிமேடு, சென்னை

பதில்: தெரியாத இடத்தில் விடாதீர்கள். அங்கிருக்கும் பூனைகளும் நாய்களும் விரட்டும், சாப்பாடு எங்கே என்று தெரியாது. பட்டினி கிடந்து துன்பப்படும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றமும்கூட.

குட்டிகள் மனிதரோடு எளிதாகப் பழகும் காலம் இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை. அப்போது மனிதக் கையே படாமல் வளர்ந்த பூனை, எவ்வளவு பொறுமையாக இருந்தாலும் வீட்டுப்பூனை ஆகாமல் போகலாம். அது உங்கள் தோல்வியும் இல்லை, அதன் குற்றமும் இல்லை. ஆறு மாதமும் மூடிய அறையில் பயத்திலேயே கழிகிறது என்றால், அதைப் பிடித்த அதே இடத்தில் விடுவதுதான் கருணை. அதற்கு நான்கும் வேண்டும்: கருத்தடை ஆகியிருக்க வேண்டும், அடையாளத்துக்குக் காது நுனி கத்தரித்திருக்க வேண்டும், வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், அந்த இடத்தில் தினமும் சாப்பாடு வைக்கும் ஆள் பெயர் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் விடாதீர்கள். பழைய இடம் இடிபட்டுப்போயிருந்தால், ஆட்கள் அதிகம் வராத, சாப்பாடு போட ஆள் இருக்கும் ஒரு தோட்டத்திலோ கிடங்கிலோ பெரிய கூண்டில் மூன்று, நான்கு வாரம் அங்கேயே சாப்பாடு கொடுத்து வைத்திருந்து, பிறகு கூண்டுக் கதவைத் திறந்துவிடுங்கள். கூண்டை மேலும் சில வாரம் எடுக்காதீர்கள். மழைக்கும் நாய்க்கும் பயந்தால் ஒதுங்க அதற்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான்.